மூட்டைக்கு நாலு அடி: ஒரு காம்பவுண்ட் சுவர் அஸ்திவாரத்தின் கணக்கு

சாஃப்ட்வேர்காரனுக்கு ஒரு வசதி உண்டு. ராத்திரி ஏற்றின கோடு சரியில்லை என்றால் காலையில் பழையதுக்கே திரும்பிப் போய்விடலாம். கான்கிரீட்டில் அந்த வசதி கிடையாது. ஊற்றியது ஊற்றியதுதான். அதனால்தான் ஊற்றுவதற்கு முன்பு போடுகிற திட்டத்தைப் பற்றி ஒரு தனிக் குறிப்பு எழுத நினைத்தேன். நான் படித்தது பி.இ. என்றாலும் சிவில் கிடையாது. இது ஆர்வத்தில் தேடிப் படித்தவனின் குறிப்பு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு மாற்று அல்ல.

என் மச்சான் ஒரு கிரவுண்டு மனை வாங்கியிருந்தார். 40-க்கு 60 அடி. முன்பக்கத்தை கேட் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, மற்ற மூன்று பக்கமும் 8 அங்குல சிமெண்ட் பிளாக்கில் 5 அடி உயரச் சுவர் எழுப்ப முடிவு. மேஸ்திரியிடம் அஸ்திவார கான்கிரீட்டுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும் என்று கேட்டோம். அவர் தரையைக் கூடப் பார்க்காமல், "அம்பது மூட்டை போட்டு வைங்க சார்" என்றார். நான் கணக்கு போட்டால் 40 வந்தது. அந்தப் பத்து மூட்டை எங்கிருந்து வருகிறது? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

காம்பவுண்ட் சுவர்தானே, அதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?

வீட்டுக்கு இன்ஜினியர் வைப்போம், வரைபடம் போடுவோம். காம்பவுண்ட் சுவருக்கு யாரும் வைப்பதில்லை. ஆனால் சுவருக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் எப்போதும் இருக்கும், சில இடங்களில் ஆட்கள் தூங்குகிற வீடே இருக்கும். 2019 டிசம்பர் 2 அன்று அதிகாலையில், மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஒரு சுற்றுச்சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்ததில் 17 பேர் இறந்துபோனார்கள். அது நம் சுவரைவிடப் பல மடங்கு உயரமான கருங்கல் சுவர், நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் "சுவர்தானே" என்ற சொல்லை அதற்குப் பிறகு என்னால் சுலபமாகச் சொல்ல முடிவதில்லை.

இதோடு ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சுவரின் ஒரு பக்கம் மண் உயரமாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருந்தால் அது காம்பவுண்ட் சுவர் இல்லை, மண்ணைத் தாங்கும் சுவர். மழையில் நனைந்த மண் பக்கவாட்டில் தள்ளும். அதற்குக் கீழே நான் சொல்லப்போகிற அளவுகள் பொருந்தாது. கரிசல் மண்ணுக்கும், ஏரியை மேடாக்கி விற்ற மனைக்கும் அப்படியே. அங்கெல்லாம் இன்ஜினியரைத்தான் கூப்பிட வேண்டும்.

அகலம், தடிமன், ஆழம்

நல்ல கெட்டி மண், இரண்டு பக்கமும் ஒரே மட்டம், 5 அடி சுவர் என்றால் கம்பி இல்லாத வெறும் கான்கிரீட் பட்டையே போதும். சுவர் 8 அங்குலம். பட்டை 18 அங்குலம் அகலம் வைத்தால், சுவருக்கு இரண்டு பக்கமும் 5 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். சுவரின் எடை கான்கிரீட்டுக்குள் ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் பரவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீட்டம் 5 அங்குலம் என்றால் தடிமன் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். தடிமன் குறைந்தால் நீட்டியிருக்கும் பகுதி அடியிலிருந்து விரிசல் விட்டு உடையும். நாங்கள் வைத்தது 8 அங்குலம். தாராளம்.

"ரெண்டு கம்பி போட்டுடலாமே" என்று எல்லோரும் சொல்வார்கள். போடலாம், ஆனால் கணக்கு மாறிவிடும். ஐஎஸ் 456 தரநிலைப்படி, மண்ணுக்குள் புதையும் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்25 வேண்டும். அது 1:1½:3 என்று பெட்டி அளந்து கலக்கிற கலவையில் அடங்காது, தனியாக வடிவமைத்த கலவை வேண்டும். கம்பியைச் சுற்றி 50 மில்லிமீட்டர் கவரும் விடணும். கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு அதே மண்ணில் எம்15 போதும். நாங்கள் அதற்கு மேலே எம்20, அதாவது 1:1½:3 எடுத்தோம்.

ஆழத்தை பிளாக்கிலிருந்து தொடங்கிக் கணக்கு போட வேண்டும். பிளாக் 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், கலவையோடு சேர்த்து. மண்ணுக்குள் மூன்று வரிசை போனால் 24 அங்குலம். அதோடு பட்டை 8 அங்குலம். ஆக வானம் 32 அங்குல ஆழம் தோண்ட வேண்டும். ஐஎஸ் 1904 கேட்கிற குறைந்தபட்ச ஆழம் 50 சென்டிமீட்டர், அதாவது 20 அங்குலம். இது தாண்டிவிட்டது. சும்மா "மூணு அடி" என்று தோண்டினால், நாலு அங்குல பிளாக்கை எங்கே வெட்டி வைப்பது என்று கொத்தனார் பிறகு தலையைச் சொறிவார்.

நீளத்துக்கும் இதே மாதிரிதான். 40 அடியில் சரியாக 30 பிளாக், 60 அடியில் 45 பிளாக். எங்கள் மனைக்கு இது அதிர்ஷ்டவசமாக அமைந்தது. உங்கள் மனைக்கு அமையவில்லை என்றால், வானத்துக்கு நூல் பிடிக்கும்போதே இரண்டு அங்குலம் தள்ளிப் பிடிக்கலாமா என்று பாருங்கள்.

ஒரு அடிக்கு ஒரு கன அடி

இப்போது அளவு. 160 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்றில் இரண்டு அடி தடிமன். பெருக்கினால் 160 கன அடி. அதாவது ஒரு அடி நீளத்துக்கு ஒரு கன அடி கான்கிரீட். எனக்கு இந்தப் பொருத்தம் ரொம்பப் பிடித்துப்போனது.

ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ, சுமார் 1.22 கன அடி. அதோடு ஒன்றரை மடங்கு மணல், மூன்று மடங்கு முக்கால் ஜல்லி சேர்த்தால் காய்ந்த நிலையில் 6.7 கன அடி. தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் மணல் ஜல்லியின் இடைவெளிக்குள் புகுந்து, சிமெண்ட் மணலின் இடைவெளிக்குள் புகுந்து, மொத்தம் சுமார் 4.4 கன அடியாகச் சுருங்கும். ஆக 160 கன அடிக்கு 36 மூட்டை. சிந்துவது சிதறுவதற்கு நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 40.

அதாவது மூட்டைக்கு நாலு அடி. இந்த ஒரு எண்ணை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றுகிற அன்று இதுதான் கடிகாரம்.

மற்ற பொருள்கள்: மணல் முக்கால் யூனிட், ஜல்லி ஒன்றரை யூனிட். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மணலை ஒரு யூனிட்டாகவே வாங்கிக்கொள்வது நல்லது. ஈர மணல் உப்பிக்கொள்ளும், கால் பங்கு வரைக்கும் கூட. பெட்டி நிறைய அளந்தாலும் உள்ளே மணல் குறைவாகத்தான் இருக்கும்.

சரி, அந்தப் பத்து மூட்டை?

என் 40 மூட்டை, வானம் வரைபடத்தில் இருக்கிற மாதிரியே தரையிலும் இருக்கும் என்று நம்புகிற கணக்கு. மண்ணோ மண்வெட்டியின் போக்கில் போகும். அடிமட்டம் ஒரு அங்குலம் கூடுதலாக இறங்கிவிட்டால் தடிமன் 8-க்குப் பதில் 9. எட்டில் ஒரு பங்கு அதிகம். பக்கம் சரிந்து அகலம் 18-க்குப் பதில் 20 ஆனால் ஒன்பதில் ஒரு பங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தால் சரியாகக் கால் பங்கு கூடிவிடும். 40-இல் கால் பங்கு பத்து. மேஸ்திரியின் ஐம்பது வந்துவிட்டது!

அவர் பெருக்கிப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் முப்பது வருஷம் வானத்தைப் பார்த்தவரின் ஐம்பதுக்குள் மண்வெட்டியின் பிசகு ஏற்கனவே அடங்கியிருக்கிறது. என் எக்செல் தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

இதிலிருந்து ஒரு வேலை கிடைக்கிறது. ஊற்றுவதற்கு முந்தைய நாள் வானத்தின் அடிமட்டத்தைச் சரிபார்ப்பது. ஆறு அடிக்கு ஒரு முளை அடித்து, டியூப் லெவலில் தண்ணீர் மட்டம் பிடித்து, கான்கிரீட்டின் மேல்மட்டத்தை முளையின் தலையில் குறித்துவிட வேண்டும். எங்கே எட்டு அங்குலத்துக்கு மேல் பள்ளம் இருக்கிறதோ அங்கே தளர்ந்த மண்ணைத் தள்ளி நிரப்பக் கூடாது. அந்த மண் பிறகு அமுங்கும். கான்கிரீட்டையே கூடுதலாகக் குடிக்க விட வேண்டியதுதான்.

சரிவும் படியும்

மனையின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 16 அங்குலம் தாழ்வு. பட்டையைச் சரிவாகப் போடக் கூடாது. ஒவ்வொரு துண்டும் மட்டமாக இருந்து, படிப்படியாக ஏற வேண்டும். ஒரு படி 8 அங்குலம் என்று வைத்தால் சரியாக ஒரு பிளாக் வரிசை. ஆக பக்கத்துக்கு இரண்டு படி.

படியில் மேல் பட்டை கீழ் பட்டையின் மேல் எவ்வளவு ஏறி உட்கார வேண்டும்? இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டியில் ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது: படி உயரத்தின் இரண்டு மடங்கு, பட்டையின் தடிமன், 300 மில்லிமீட்டர், இந்த மூன்றில் எது பெரியதோ அது. படியின் உயரம் பட்டையின் தடிமனைத் தாண்டவும் கூடாது. நமக்கு 16, 8, 12 அங்குலம். பெரியது 16. அதுவும் சரியாக ஒரு பிளாக் நீளம். நாலு படிக்கும் சேர்த்து ஐந்து கன அடிக்குக் கொஞ்சம் மேல் கான்கிரீட் கூடும். ஒன்றேகால் மூட்டை. ஒவ்வொரு படியின் முகத்திலும் ஒரு பலகை அடைக்க வேண்டும், இல்லையென்றால் மேலே போட்டது கீழே வழியும்.

எங்கே தொடங்கி எங்கே முடிப்பது

இங்கேதான் எனக்குத் தெரிந்த தொழில் கொஞ்சம் உதவியது. இது ஒரு ஷெட்யூலிங் கணக்கு.

சிமெண்ட்டின் தொடக்க இறுக்கம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பது தரநிலை. நடைமுறையில் அதைவிட நேரம் எடுக்கும் என்றாலும், வெயில் ஏறினால் குறையும். அதனால் நான் வைத்துக்கொண்ட விதி: ஊற்றி நிறுத்தின எந்த முகமும் அடுத்த கலவைக்காக அரை மணிக்கு மேல் காத்திருக்கக் கூடாது. காத்திருந்தால் பழையதும் புதியதும் ஒட்டாமல் ஒரு கோடு விழும். சைட்டில் கோல்டு ஜாயின்ட் என்பார்கள். பின்னால் சுவரில் விரிசல் வர அது ஒரு நல்ல இடம்.

ஒரு மூட்டைக் கலவை போடுகிற மிக்சர் மிஷினில் மணிக்குப் பத்துக் கலவை என்றால் மணிக்கு 40 அடி. மொத்தம் நாலு மணி நேரம். இப்போது சில வழிகளைப் பாருங்கள்.

முதல் வழி: முழு நீளத்துக்கும் நாலு அங்குலம் போட்டு, பிறகு திரும்ப வந்து மேலே நாலு அங்குலம் போடுவது. பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் திரும்பி வருவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். பட்டை முழுக்க நடுவில் படுக்கையாக ஒரு கோடு. எட்டு அங்குலப் பட்டை இரண்டு நாலு அங்குலப் பட்டையாக ஆகிவிடும். கூடவே கூடாது. எட்டு அங்குலத்தையும் ஒரே தடவையில் நிரப்பிக்கொண்டே முன்னேற வேண்டும்.

இரண்டாவது வழி: முன்பக்கம் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிப்பது. ஒரே முகம், காத்திருப்பே இல்லை. மட்டமான மனைக்கு இதுதான் சிறந்தது. சரிவான மனையில் மேலிருந்து கீழே இறங்கும்போது படிகளில் சிக்கல், கீழ் பட்டை வருவதற்கு முன்பே மேல் பட்டை வந்துவிடும்.

மூன்றாவது வழி: தாழ்வான பின்பக்கச் சுவரைப் போட்டுவிட்டு, ஒரு பக்கம் முழுக்க ஏறி, பிறகு மறுபக்கம் ஏறுவது. படிக்கு நல்லது. ஆனால் முதல் பக்கம் 60 அடி முடிய ஒன்றரை மணி நேரம். அதுவரை மறு மூலை காத்திருக்கும். மூலையில் கோல்டு ஜாயின்ட் வருவதைவிட மோசமான இடம் வேறில்லை.

நான்காவது வழி: பின்பக்கச் சுவரின் நடுவில் தொடங்கி, ஒரு கலவை இடது பக்கம், அடுத்த கலவை வலது பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறுவது. ஒவ்வொரு முகமும் 12 நிமிடம்தான் காத்திருக்கும். கீழிருந்து மேலே ஏறுவதால் படியும் சரி. கம்ப்யூட்டரில் ரௌண்ட் ராபின் என்போம், பந்தியில் பரிமாறுகிறவர் இரண்டு வரிசைக்கும் மாற்றி மாற்றிப் போடுவது மாதிரி. செலவு ஒன்றுதான், இரண்டு முகத்துக்கும் ஒவ்வொரு கொத்தனார் வேண்டும். நாங்கள் எடுத்தது இதுதான்.

மிஷின் நடுவில் மக்கர் பண்ணினால்? அதற்காக இரண்டு அடைப்புப் பலகை தயாராக வைத்திருந்தோம். நிறுத்தியே ஆகணும் என்றால் மூலையிலும் படியிலும் நிறுத்தக் கூடாது. நேரான பகுதியில், பலகை வைத்துச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். சாய்வாக வழியவிட்டு நிறுத்தினால் முனை மெல்லியதாகி நொறுங்கும். மறுநாள் தொடங்கும்போது மேலே படிந்த சிமெண்ட் பாலைச் சுரண்டி, ஜல்லி தெரிகிற வரை கொத்தி, நனைத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும்.

மிஷினை எங்கே நிறுத்துவது

ஐந்து கன மீட்டர் கான்கிரீட் சுமார் 12,000 கிலோ. பாண்டுக்கு 25 கிலோ என்றால் 480 நடை. மிஷினை முன்பக்க வாசலில் நிறுத்தினால் சராசரித் தூரம் 44 அடி வருகிறது. மனையின் நடுவில் நிறுத்தினால் 28 அடி. போக வர மொத்தம் கூட்டினால் முதலாவதில் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர், இரண்டாவதில் 8 கிலோமீட்டர். இந்த ஐந்து கிலோமீட்டர் வித்தியாசத்தில் பாதி சுமையோடு நடப்பது. தலையில் பாண்டோடு அதை நடப்பவர்கள் பெரும்பாலும் சித்தாள் பெண்கள். மிஷினை இடம் மாற்றுவதற்கு நமக்கு ஒரு பைசா செலவில்லை.

ஆனால் மிஷின் நடுவில் என்றால் மணலும் ஜல்லியும் நடுவில் கொட்டியிருக்க வேண்டும். லாரி உள்ளே வர வழி வேண்டும். முன்பக்கத்தில் வானம் தோண்டாமல் விட்டது இதற்கும் உதவியது. நாலு பக்கமும் தோண்டுகிறவர்கள் லோடை முதலில் இறக்கிவிட்டுப் பிறகு தோண்டுங்கள். வானத்தின் ஓரத்தில் மட்டும் ஜல்லியைக் குவிக்காதீர்கள், பாரத்தில் பக்கம் சரியும்.

ரெடிமிக்ஸ் வாங்கலாமே என்று கேட்கலாம். ஐந்து கன மீட்டர் ஒரு வண்டிக்கு உள்ளேயே அடங்கிவிடும். ஆனால் தண்ணீர் சேர்த்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும். வண்டியின் சரிவுக்குழாய் எட்டுவது சில அடி தூரம்தான். மீதி பாண்டில்தான் போகணும், இல்லை பம்ப் வைக்கணும். 160 அடி நீளத்துக்கு மெல்லிசாகப் பரவுகிற வேலைக்கு அது தோதுப்படவில்லை. வீட்டுத் தளம் என்றால் வேறு பதில்.

தண்ணீர்

இதுதான் தினமும் நடக்கிற சண்டை. கலவை தளதளவென்று இருந்தால் பரப்புவது சுலபம், அதனால் ஆள்கள் தண்ணீர் கூட்டச் சொல்வார்கள். எம்20 கலவைக்கு ஐஎஸ் 456 கொடுக்கிற உச்ச அளவு மூட்டைக்கு 30 லிட்டர். சிமெண்ட் தண்ணீர் சேர்ந்து வினைபுரிந்து இறுகியபின் மிச்சமாகிற தண்ணீர் வெளியேறி, அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாகும். துளை கூடினால் வலு குறையும். சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே இதைச் சோதனைகளால் காட்டிவிட்டார்.

மணலிலேயே தண்ணீர் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு மூட்டைக்குப் போகிற மணல் 80 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதில் நூற்றுக்கு ஐந்து ஈரம் என்றால் நாலு லிட்டர். அப்போது வெளியிலிருந்து 26 லிட்டர்தான். நாங்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியில் 13 லிட்டருக்கு பெயிண்ட்டால் கோடு போட்டுக் கொடுத்தோம். கலவைக்கு இரண்டு வாளி. வாக்குவாதம் அதோடு நின்றது. வானம் காய்ந்து கிடந்தால் மண் கலவையிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், அதனால் முன்னாடியே தெளித்துவிட வேண்டும். ஆனால் தேங்கி நிற்கக் கூடாது. ராத்திரி மழை பெய்து குளமாகியிருந்தால் தண்ணீரை இறைத்து, குழைந்த சேற்றையும் வழித்தெடுத்த பிறகுதான் ஊற்றணும்.

ஊற்றிய அன்று

காலை ஆறரைக்குத் தொடங்கினோம். சுவரில் பத்து மூட்டைக்கு ஒரு கோடு, எதிரே எத்தனை அடி என்று நோட்டில் எழுதுவதுதான் என் வேலை. பத்து மூட்டை முடிந்தபோது 39 அடி. நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வானம் ஏறக்குறைய சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இதே இடத்தில் 32 அடிதான் வந்திருந்தால் மொத்தம் 50 மூட்டை ஆகும் என்று ஏழரை மணிக்கே தெரிந்திருக்கும். கடைக்கு ஆள் அனுப்ப அப்போது நேரம் இருக்கும். பத்தரை மணிக்குத் தெரிந்தால் இருக்காது. டீயைக்கூட இரண்டு குழுவாகத்தான் குடித்தார்கள், மிஷின் நிற்கவில்லை. கடைசியில் 42 மூட்டை ஆனது.

வாங்கியது? மேஸ்திரி சொன்ன ஐம்பதுதான். மீதி எட்டு மூட்டை அடுத்த வாரம் பிளாக் கட்டுகிற கலவைக்குப் போனது. யோசித்தால் அவர் சொன்னதில் இன்னொரு புத்திசாலித்தனமும் இருக்கிறது. மூட்டை மிஞ்சினால் நஷ்டம் எதுவும் இல்லை, எப்படியும் சுவருக்கு வேண்டும். குறைந்தால் மட்டும்தான் நஷ்டம், அதுவும் பின்னால் சரிசெய்ய முடியாத நஷ்டம். இரண்டு பக்கத் தவறும் ஒரே விலை இல்லாதபோது, சராசரியைக் குறிவைப்பது சரியான கணக்கு அல்ல. நாற்பது என்பது நல்ல மதிப்பீடு. ஐம்பதுதான் நல்ல கொள்முதல்.

ஊற்றி முடித்ததும் வேலை முடிவதில்லை. சாதாரண ஓபிசி சிமெண்ட் என்றால் குறைந்தது ஏழு நாள், இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கிற பிபிசி என்றால் பத்து நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் பிபிசிக்கு 14 நாள் வரைக்கும் நீட்டச் சொல்கிறது தரநிலை. பள்ளத்துக்குள் இருப்பதால் இது சுலபம், சாக்கை நனைத்துப் போட்டால் போதும். மேலே மண் மூடிவிட்டால் இந்தப் பட்டையை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால், மூடுவதற்கு முன்பு நாலு மூலையிலும் படிகளிலும் அளவுநாடாவோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து கேட்டை மாற்றவோ சுவரை உயர்த்தவோ வருகிறவருக்கு, மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அதுதான் ஒரே ஆவணம்.